கெண்டை எண்ணிச் சோறு தின்னலாமா? மீன்களின் பரிணாமம் படிக்க நினைக்கும் நெல்லைப் பிள்ளைகளுக்கு

எதிர் வீட்டு மதினி போன வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு, சயின்ஸ் குரூப். “டாக்டருக்குப் படிட்டின்னா, மீனைப் பத்திப் படிக்கப் போறேங்கா. நீயே சொல்லு, இதுல சோறு கிடைக்குமா?” என்றார். எனக்குக் கிடைக்கிறது. நிரந்தரமாகக் கிடைக்க முப்பத்து நான்கு வயதாகிவிட்டது. அதையும் மறைக்காமல் அவளிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் கல்லிடைக்குறிச்சிக்காரி. மீன்கள் தலைமுறை தலைமுறையாக எப்படி மாறுகின்றன, ஒரே இனம் எப்போது இரண்டாகப் பிரிகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. இதை மீன்வளப் படிப்போடு குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மீன்வளம் படித்தவர் ஒரு குளத்தைப் பார்த்தால் ஏக்கருக்கு எத்தனை கிலோ தேறும் என்று கணக்குப் போடுவார். நான் அதே குளத்தில் ஒரு கெண்டைக்கும் பக்கத்துக் கெண்டைக்கும் என்ன வித்தியாசம், அந்த வித்தியாசம் குஞ்சுக்குப் போகிறதா, போனால் யாருக்கு லாபம் என்று பார்ப்பேன். இரண்டுமே நல்ல வேலைதான், வழிதான் வேறு. பண்ணை, விற்பனை, அரசுத் துறை வேலை இவற்றில் ஆசை இருந்தால் தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள இளங்கலையில் சேர்வது நல்லது. அப்படியென்றால் இந்தக் கட்டுரையை இதோடு நிறுத்திக்கொள்ளலாம், வருத்தமில்லை.

எனக்கு இந்தப் பாடத்தை முதலில் நடத்தியது ஆச்சி. அருவாமனை முன்னால் உட்கார்ந்து சாம்பல் தொட்டு மீன் உரசும்போது, “இது ஆத்துக் கெண்டை, இது கொளத்துக் கெண்டை” என்று தனித்தனியாகப் போடுவாள். எப்படி ஆச்சி தெரியும் என்றால், “உடம்பப் பாத்தாத் தெரியாதா?” என்பாள். அவள் சொன்னது எல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரே பெயருள்ள மீனில் இரண்டு உடம்பு இருக்கிறது என்று அவளுக்குப் பட்டதே, என் துறை முழுக்க அந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

அதனால் கல்லூரி, நுழைவுத் தேர்வு எல்லாம் அப்புறம். முதலில் அரைக் கிலோ கெண்டை வாங்குங்கள்.

வாய்க்காலில் வீச்சுவலை போடும் அண்ணாச்சியிடமே வாங்கினால் நல்லது. எந்த இடத்தில் பிடித்தது என்று கேட்டுக்கொள்ளலாம். “கன்னடியன் கால்வாய், மதகுக்குக் கீழே, காலை ஆறு மணி” என்ற அளவுக்குத் தெரிய வேண்டும். சந்தையில் எங்கிருந்தோ வந்து குவிந்த மீன் குழம்புக்கு ஆகும், நமக்கு ஆகாது. வீட்டுக்கு வந்து வெள்ளைத் தட்டில், தலை இடப்பக்கம் பார்க்க, வரிசையாக அடுக்குங்கள். உலகம் முழுக்க மீன் படிப்பவர்கள் இடப்பக்கத்தைத்தான் அளப்பார்கள். திசுத் துணுக்கு வேண்டுமென்றால் வலப்பக்கத்தில் வெட்டுவார்கள், இடப்பக்கம் கெடாமல் இருக்க.

அளப்பதற்கு இயற்பியல் செய்முறையில் பார்த்த அதே வெர்னியர் காலிப்பர் போதும். மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் இடம் வரை அளக்க வேண்டும். வால் துடுப்பைச் சேர்க்கக் கூடாது, அதன் நுனி எந்த மீனிலும் முழுதாக இருப்பதில்லை. அப்புறம் உடம்பின் உயரம், தலையின் நீளம், கண்ணின் விட்டம். பிறகு செதில். செவுள் மூடிக்குப் பின்னாலிருந்து வால் வரை பக்கவாட்டில் ஒரு கோடு போகும். உற்றுப் பார்த்தால் அந்தக் கோட்டில் இருக்கும் ஒவ்வொரு செதிலிலும் ஊசி குத்தினாற்போல ஒரு துளை தெரியும். தண்ணீரின் அசைவை மீன் உணர்வது அந்த வழியாகத்தான். குண்டூசி நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள். முதல் மீனுக்குக் கால் மணி நேரம் ஆகும், எண்ணிக்கை தப்பும், கோபம் வரும். பத்தாவது மீனில் கை பழகிவிடும். மறுநாள் குறிப்பைப் பார்க்காமல் அதே மீன்களைத் திரும்ப அளங்கள். இரண்டு நாள் அளவுக்கும் நடுவே வருகிற வேறுபாடு உங்கள் கையின் பிழை. மீனுக்கு மீன் இருக்கும் வேறுபாடு அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் பேச விஷயம் இருக்கிறது.

ஒரு பள்ளத்தையும் காட்டிவிடுகிறேன். எம்.எஸ்சி. படிக்கும்போது நான் அதில் விழுந்தேன். குளத்து மீனுக்கு உடம்பை வைத்துப் பார்த்தால் கண் பெரிது என்று கண்டுபிடித்து, கலங்கல் தண்ணீர், மங்கிய வெளிச்சம், அதனால் பெரிய கண் என்று கதையும் கட்டிவிட்டேன். எங்கள் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “கொளத்துல சின்ன மீனாப் பிடிச்சியோ?” ஆமாம். குஞ்சுக்கு எப்போதும் உடம்புக்குக் கண் பெரிதாகத்தான் இருக்கும், நம் வீட்டுக் குழந்தையைப் போல. ஆகவே விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். நீளத்தை ஒரு அச்சிலும் கண்ணை மறு அச்சிலும் வைத்துப் புள்ளி போடுங்கள். ஆற்று மீன் ஒரு கோட்டிலும் குளத்து மீன் இன்னொரு கோட்டிலும் விழுந்தால் அப்போது வாருங்கள், பேசுவோம். அதற்கும் ஐந்தாறு மீன் போதாது, இடத்துக்குக் குறைந்தது முப்பது மீன் வேண்டும். ஆண், பெண் பிரித்தும் எழுத வேண்டும்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. தாமிரபரணி பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேர்வதற்குள் அருவி, அணை, அணைக்கட்டு, வாய்க்கால், குளம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறது. இப்படி இடம் மாறினால் மீனும் மாறும் என்பதற்கு, கரீபியன் பக்கம் டிரினிடாட் தீவில் கப்பி என்ற சின்ன மீன்களை வைத்து ஜான் எண்ட்லர், டேவிட் ரெஸ்னிக் ஆகியோர் செய்த ஆய்வு உலகப் புகழ் பெற்றது. அங்கே அருவிக்குக் கீழே கப்பியைத் தின்னும் பெரிய மீன்கள் அதிகம். அதனால் கீழ்ப்பக்கக் கப்பிகள் சீக்கிரம் பருவமடைந்து, சின்னச் சின்னக் குஞ்சாக நிறையப் போடும். அருவிக்கு மேலே அந்தப் பயம் குறைவு, அங்குள்ளவை நிதானமாகப் பெரிய குஞ்சாகக் கொஞ்சமே போடும். கீழே இருந்தவற்றை மேலே, கப்பியே இல்லாத ஓடையில் கொண்டுபோய் விட்டார்கள். 11 ஆண்டுகளில், அதாவது 30 முதல் 60 தலைமுறைக்குள், அந்தப் பழக்கம் மேலே உள்ளவை போல மாறிவிட்டது. பரிணாமம் என்றால் கோடி வருடம் காத்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அதே கப்பி கொசுப்புழு தின்னட்டும் என்று நம் ஊர்ச் சாக்கடைகளிலும் விடப்பட்டு, பாளையங்கோட்டைப் பக்கமே நீந்திக்கொண்டிருக்கிறது. பார்ப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், மூக்கைப் பிடித்துக்கொண்டால் போதும்.

நமக்கே நமக்கென்றும் மீன் இருக்கிறது. 1950களில் ஈ.ஜி. சைலஸ் என்ற விஞ்ஞானி தாமிரபரணி ஆற்றுக் கெண்டை ஒன்றை விவரித்து ஆற்றின் பெயரையே வைத்தார். இன்று அதன் அறிவியல் பெயர் டாக்கின்சியா தம்ப்ரபர்ணியை. அதில் முன்பாதியான பேரினப் பெயர், பரிணாமம் பற்றி எழுதும் ரிச்சர்ட் டாக்கின்ஸ் நினைவாக 2012இல் வைக்கப்பட்டது. வளர்ந்த ஆணுக்கு முதுகுத் துடுப்பின் கதிர்கள் நூல் நூலாக நீண்டு தொங்கும். அந்த நூலை வைத்துக்கொண்டு வேகமாக நீந்துவது சிரமமாயிற்றே, பின்னே எதற்கு என்று கேட்கத் தோன்றினால் உங்களுக்கு இந்தத் துறை ஒத்துவரும். அடுத்தது கல்லொட்டி. கீழுதட்டை ஒட்டி ஒரு வட்டத் தட்டு வைத்துக்கொண்டு வெள்ளத்தில் பாறையைப் பிடித்துக்கொள்ளும். ஓடை மீன்கள் இப்படி ஒட்டிப் பிழைக்கும் வித்தையை இந்திய மீனியல் அறிஞர் சுந்தர்லால் ஹோரா விரிவாக எழுதியிருக்கிறார். பாபநாசம் அணை 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. அணைக்கு மேலே மாட்டிக்கொண்ட கல்லொட்டியும் கீழே உள்ள கல்லொட்டியும் இனி ஒன்றையொன்று பார்க்கப் போவதில்லை. தலைமுறைகள் போகப் போக என்ன ஆகும்? ஒரு முனைவர் பட்டத்துக்குத் தாங்கும் கேள்வி இது.

ஆனால் சொல்லிவிடுகிறேன், ஆர்வத்தில் வலையைத் தூக்கிக்கொண்டு காரையாறு போய்விடாதீர்கள். அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். தலைமை வனஉயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒரு அயிரையைக்கூட எடுக்க முடியாது. நீங்கள் ஒரு நிறுவனத்தில் சேர்ந்த பிறகு அந்த நிறுவனம் விண்ணப்பிக்கும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை பாபநாசம் கோயில் படித்துறையில் உட்கார்ந்து, பொரிக்கு வரும் மீன்களைப் பாருங்கள். எது முந்துகிறது, எது ஒதுங்குகிறது என்று பார்ப்பதும் படிப்புதான்.

சரி, படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கும் உயிரியலும் சேர்ந்திருந்தால் உத்தமம். கணக்கு இல்லையென்றால் பின்னால் புள்ளியியலை எப்படியும் உட்கார்ந்து படித்துத்தான் ஆக வேண்டும். “எனக்குக் கணக்கு வராது, அதான் உயிரியல்” என்பவர்களுக்கு இந்தத் துறை ஏமாற்றத்தைத்தான் தரும். பிறகு இரண்டு பாதை. ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆய்வு நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு எழுதி, இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். சேரலாம். அதில் திருவனந்தபுரம் ஐசர் இருக்கும் விதுரா, நம் பொதிகைக்கு அந்தப் பக்கம்தான். மலைக்கு இந்தப் பக்கத்து ஆறு மன்னார் வளைகுடாவுக்கும் அந்தப் பக்கத்து ஆறு அரபிக்கடலுக்கும் போவதால், நன்னீர் மீனுக்கு அந்த மலை ஒரு மதில். மதிலின் இரண்டு பக்கமும் படித்தவர்களுக்குத் தனிப் பார்வை வரும்.

இல்லையா, பாளையங்கோட்டையிலோ தூத்துக்குடியிலோ பி.எஸ்சி. விலங்கியல் படியுங்கள். நான் அப்படி வந்தவள்தான், குறைந்துபோகவில்லை. மீன்களையே குறியாக வைத்து எம்.எஸ்சி. படிக்க மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு ஆழ்வார்குறிச்சியில் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. ஆற்று மீன் ஆய்வில் அதற்கு நெடுநாளாகவே நல்ல பேர் உண்டு. பெங்களூருவில் என்.சி.பி.எஸ். என்ற தேசிய உயிரியல் ஆய்வு மையம், ஐ.ஐ.எஸ்சி. என்ற இந்திய அறிவியல் கழகம், ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற செல், மூலக்கூறு உயிரியல் மையம், லக்னோவில் மீன் மரபுவள நிறுவனம் என்று முனைவர் பட்டத்துக்கு இடங்கள் இருக்கின்றன. ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு முறை வரும் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. முதுகலை, ஆய்வுப் படிப்புகளுக்கான கேட் தேர்வில் சூழலியலும் பரிணாமமும் தனித் தாளாகவே உண்டு.

இதற்கிடையில் கம்ப்யூட்டரில் புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் (R) என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம். டி.என்.ஏ. வேலை எல்லாம் முதுகலையில் கையில் வரும். மீனின் இனத்தை அடையாளம் காணச் சுமார் 650 எழுத்து நீளமுள்ள ஒரே ஒரு மரபணுத் துண்டைப் படிப்பார்கள். இன்று அதைச் செய்து கொடுக்க ஆள் இருக்கிறது. மீனைக் கையில் வைத்து இது வேறு என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

பணக் கணக்கு மதினிக்காக: இளங்கலை மூன்று, முதுகலை இரண்டு, முனைவர் ஐந்து, அதற்குப் பிறகு முதுமுனைவர் ஆய்வு என்று ஊர் ஊராக இரண்டு மூன்று வருடம். உதவிப் பேராசிரியர் ஆனால் அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாயில் தொடங்கும். அதுவரை கல்யாண வீடுகளில் “இன்னுமா படிக்கா?” என்ற கேள்விக்கு நீங்களே ஒரு பதில் தயாரித்துக்கொள்ள வேண்டும். நான் “மீன் இன்னும் சிக்கல, பெரியம்மா” என்பேன். நடுவில் விட்டுவிட்டுப் பள்ளி ஆசிரியர் ஆனவர்கள், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தவர்கள், மீன் இனப்பெருக்கக் கூடம் வைத்தவர்கள் என் தோழிகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி என்னைவிட வசதியாகவே இருக்கிறாள்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை, “அத்தை, நான் இப்போ என்ன செய்யட்டும்?” என்றாள். வாய்க்காலில் தண்ணீர் குறைந்து கசத்தில், அதாவது ஆழமான பள்ளத்தில், மீன் ஒதுங்கும் நாளில் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முப்பது கெண்டையை ஒரு பங்கு ஃபார்மலினும் ஒன்பது பங்கு தண்ணீரும் கலந்து கெட்டிப்படுத்தி, அலசி, பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் மாற்றிக் காட்டப் போகிறேன். கையுறை நான் தருகிறேன். அவள் கொண்டுவர வேண்டியது ஒரு கோடு போட்ட நோட்டும் ஒரு பென்சிலும். பால்பாயிண்ட் பேனா வேண்டவே வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னேன். முதல் வருட ஆய்வில் நான் பேனாவால் பெயர்ச்சீட்டு எழுதி ஜாடிக்குள் போட்டேன். ஆறு வாரம் கழித்துத் திறந்தபோது ஆல்கஹால் லேசான நீலமாகவும் சீட்டுகள் வெள்ளையாகவும் இருந்தன. 41 மீன்களில் எது அணைக்கு மேலே பிடித்தது, எது கீழே பிடித்தது என்று சொல்ல ஆளில்லை. இன்றைக்கும் அந்த ஜாடி என் மேசையில்தான் இருக்கிறது.