புவிசார் குறியீட்டில் உங்கள் பெயரையும் சேர்ப்பது எப்படி?

உங்கள் ஊர்க் கைவினைப் பொருளுக்குப் புவிசார் குறியீடு (ஊர்ப் பெயரோடு அறியப்படும் பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, சுருக்கமாக ஜிஐ) கிடைத்துவிட்டதா? சரி, அதனால் மட்டும் உங்களுக்குத் தனியாக எந்த உரிமையும் வந்துவிடாது. குறியீடு ஏதாவது ஒரு சங்கத்தின் பெயரிலோ அரசு நிறுவனத்தின் பெயரிலோ இருக்கும். பத்தமடையில் பாய் நெய்பவரும் சுவாமிமலையில் சிலை வார்ப்பவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். போலிச் சரக்கு விற்பவர்மேல் வழக்குப் போட இந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

முதலில் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தின் இணையதளத்தில் உங்கள் பொருளைத் தேடி, விண்ணப்ப எண்ணையும் உரிமையாளர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். (இந்தியா முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது, நமக்கு அதுவே ஒரு வசதி.) அப்புறம் அந்தப் பொருளின் பதிவு ஆவணத்தில் உள்ள வரைபடத்தையும் செய்முறையையும் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் பட்டறை எல்லைக்கு வெளியே இருந்தாலோ, கைத்தறி என்று எழுதியிருக்கும் பொருளை நீங்கள் விசைத்தறியில் நெய்தாலோ விண்ணப்பிப்பது வீண்.

படிவத்தின் பெயர் ஜிஐ-3. 500 ரூபாயாக இருந்த கட்டணம் 2020 திருத்தத்தில் 10 ரூபாயாகிவிட்டது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு: முன்பு உரிமையாளரோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டும், சங்கத்தில் உங்களைப் பிடிக்காதவர் ஒருவர் இருந்தால் போதும், காகிதம் நகராது, இப்போது நீங்களே விண்ணப்பித்துவிட்டு, ஒரு நகலை உரிமையாளருக்கு அனுப்பி, அதைப் பதிவகத்துக்குத் தெரிவித்தால் போதும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அந்தப் பொருளை நீங்கள்தான் செய்கிறீர்கள் என்று விளக்கி எழுத வேண்டும். கைவினைஞர் அடையாள அட்டை இருந்தால் நகலை இணையுங்கள்.

"பணம் தருகிறேன், பதிவை என் பெயருக்கு எழுதிக் கொடுங்கள்" என்று வியாபாரி யாராவது வந்தால் மாட்டிக்கொள்ளாதீர்கள். புவிசார் குறியீட்டு உரிமையை விற்கவோ அடகு வைக்கவோ 1999ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தரவில்லை. உங்களுக்குப் பிறகு அது வாரிசுக்குப் போகும், அவ்வளவுதான்.

பதிவு வந்ததும் விலை தானாக ஏறாது, இதை முதலிலேயே மனதில் வையுங்கள். பாய் நெசவையே எடுத்துக்கொள்ளுங்கள்: கோரைப் புல்லை ஊறவைத்து, காயவைத்து, கீறி, சாயம் ஏற்றும் நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை, தறியில் உட்கார்ந்த நேரத்துக்கு மட்டும் கூலி போடுகிறார்கள். ஒரு பாய்க்கு ஆகும் மொத்த நேரத்தையும் நோட்டில் எழுதி, அதிலிருந்து விலை சொல்லுங்கள். ஊர்ப் பெயரும் உங்கள் பெயரும் பதிவு எண்ணும் போட்ட சீட்டு ஒவ்வொரு பாயிலும் இருக்கட்டும். கடைக்காரர் அதைக் கழற்றிவிட்டால் என்ன செய்வது என்றால், கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையே நெய்து தருகிறவர்கள் ஓரத்தில் தங்கள் பெயரையும் நெய்துவிடலாமே.