மாற்றுத்திறனாளிகளைப் பற்றி வகுப்பில் பேசுமுன் கேட்க வேண்டிய கேள்வி

மாற்றுத்திறனாளிகளைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போது எடுத்த எடுப்பிலேயே "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிவிடுவார்கள். உள்ளே இருப்பது வெளியே வராது. நினைவைக் கேளுங்கள். "சக்கர நாற்காலியில் வந்த ஒருவரையோ, சைகையில் பேசிய ஒருவரையோ முதன்முதலில் எப்போது பார்த்தீர்கள்? அப்போது உடன் இருந்த பெரியவர் என்ன செய்தார்?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். "அப்படிப் பார்க்காதே" என்று கையைப் பிடித்து இழுத்தது, "பாவம்" என்று குரலைத் தாழ்த்தியது எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வரும். பயமும் பரிதாபமும் எங்கிருந்து ஒட்டிக்கொண்டன என்பதை மாணவரே கண்டுகொள்வார்.

பத்து நிமிடம் தனியாக எழுதட்டும். படித்துக் காட்டும் கட்டாயம் வேண்டாம். வகுப்பிலேயே மாற்றுத்திறன் உள்ள மாணவரோ, அப்படி ஒரு தம்பி தங்கையுடன் வளர்பவரோ இருக்கலாம். தயவுசெய்து அவரை உதாரணமாக்கி எழுப்பி நிறுத்திவிடாதீர்கள். கண்ணைக் கட்டி நடக்கவைக்கும் விளையாட்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்வையற்றவர் பழகிப் பெற்ற திறமை அதில் தெரியாது, தடுமாற்றம் மட்டுமே மனதில் பதியும்.

2006இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, சிறு வயதிலிருந்தே எல்லாக் குழந்தைகளிடமும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளை மதிக்கும் மனப்பான்மையை வளர்க்கச் சொல்கிறது.

எழுதிய தாள் மாணவரிடமே இருக்கட்டும். சில மாதம் கழித்து, "அன்று பார்த்தவரை இன்று சந்தித்தால் என்ன பேசுவீர்கள்?" என்று அதன் பின்பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.