பிள்ளை முன்னைப்போல இல்லை: ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

பாடசாலை நாட்களில் காலை ஏழு மணிக்கு வயிற்றுக்குத்து. சனிக்கிழமை காலையில் அது இல்லை. கட்டிக்கொடுத்த சாப்பாடு திறக்கப்படாமலே திரும்பி வருகிறது. ஊரில் வாயாடியாக இருந்த பிள்ளை இங்கே வந்த நாள்முதல் "ஓம்", "இல்லை" என்ற இரண்டு சொற்களோடு நிற்கிறது. புதிதாக வந்த பெற்றோர் முதலில் கவனிப்பதும், பழகச் சரிவரும் என்று விட்டுவிடுவதும் இப்படிப்பட்ட சின்ன விடயங்களைத்தான். சிலவேளை உண்மையிலேயே சரிவந்துவிடும். ஆனால் நித்திரை, சாப்பாடு, படிப்பு, விளையாட்டு ஆகியவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சில வாரங்களாகக் குழம்பிக் கிடந்தால், நோய்க்குப் பெயர் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. "பிள்ளை முன்னைப்போல இல்லை" என்று சொல்லியே உதவி கேட்கலாம்.

அதைச் சொல்வதற்கு மிகக் கிட்டிய இடம் பாடசாலை. பாடசாலைச் சபைகளில் சமூகப் பணியாளர்களும் உளவியலாளர்களும் இருக்கிறார்கள். வகுப்பாசிரியர் மூலமோ, உயர்நிலைப் பள்ளியாயின் வழிகாட்டல் ஆலோசகர் மூலமோ அவர்களிடம் போகலாம், கட்டணம் கிடையாது. பல பாடசாலைகளுக்கு, புதிதாக வந்த குடும்பங்களுக்கு வழிகாட்டும் குடியேற்றப் பணியாளர் ஒருவரும் வந்துபோவார். ஸ்காபரோ போன்ற இடங்களில் அவர் தமிழ் பேசுபவராகவும் இருக்கக்கூடும் என்பதால் அலுவலகத்தில் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

அடுத்தவர் குடும்ப வைத்தியர். ஓஹிப் எனப்படும் மாகாணச் சுகாதாரக் காப்புறுதிக்கு முன்பிருந்த மூன்று மாதக் காத்திருப்பு 2020 மார்ச்சில் நீக்கப்பட்டுவிட்டது. வைத்தியர் அனுப்பும் உளமருத்துவரைப் பார்ப்பதற்கு ஓஹிப் செலவை ஏற்கும். தனியாகத் தொழில் செய்யும் உளவியலாளருக்கோ உளச்சிகிச்சையாளருக்கோ ஏற்காது. அதற்கு வேலையிடத்துக் காப்புறுதியில் இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அகதிக் கோரிக்கையாளருக்கு இடைக்கால மத்திய சுகாதாரத் திட்டம் இருக்கிறது. அது எதற்கு, எவ்வளவு தரும் என்பதைச் சந்திப்பை ஒழுங்குசெய்யும்போதே கேட்டுவிட வேண்டும். பணம் கட்டாமல் போகக்கூடிய வழிகளும் உண்டு. ரொறன்ரோவில் பிள்ளைகளுக்கான உளநலச் சேவைகளை முன்னின்று நடத்துவது ஸ்ரைட்ஸ் ரொறன்ரோ. 17 வயது வரையானவர்கள் தொலைபேசியிலோ காணொளியிலோ உளவளத்துணையாளருடன் இலவசமாகப் பேச வன் ஸ்டொப் ரோக் இருக்கிறது. வேறு நகரத்தில் இருப்பவர்கள் 211ஐ அழைத்தால் கிட்டடியில் உள்ள நிலையத்தைச் சொல்வார்கள். தொடர்சிகிச்சைக்கான வரிசை நீளமானது. பெயரைப் பதிந்துவிட்டு, முன்பதிவின்றிப் போகக்கூடிய உளவளத்துணை நிலையங்களை இடைப்பட்ட காலத்தில் பயன்படுத்துங்கள்.

இவை எல்லாவற்றிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது மொழிபெயர்ப்பைப் பற்றியது. ஒரு மருத்துவ நிலையத்தில் பதினொரு வயது மகனைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஒரு தாய், "இரவெல்லாம் கண்மூடேலாமல் கிடக்கு, செத்தால் நல்லம் எண்டு வருது" என்று சொன்னார். பையன் நிலத்தைப் பார்த்தபடி, "அம்மாவுக்குக் கொஞ்சம் களைப்பாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லி முடித்தான். வைத்தியர் இரும்புச்சத்துப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். அந்தப் பையன் பொய் சொன்னதாக நான் எண்ணவில்லை. அவனால் தூக்க முடியாத பாரத்தை அவன் கீழே வைத்தான், ஆனால் அதைக் கேட்டுவிட்டான். பிள்ளை உங்களுக்காகப் பேசவும் கூடாது, தனக்காகப் பேசும்போது உங்கள் வசனங்களைச் சுமக்கவும் கூடாது. சந்திப்பை ஒழுங்குசெய்யும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று கேளுங்கள். மருத்துவமனைகளும் பெரிய நிலையங்களும் தொலைபேசி வழியாகவேனும் ஒருவரை இணைக்கக்கூடியவை. மொழிபெயர்ப்பாளர் தெரிந்த ஆளாக இருந்துவிடுவாரோ என்று கூச்சப்படுபவர்கள், ஊரைச் சேராத ஒருவர் வேண்டுமென்று கேட்பதிலும் தவறில்லை.

அறைக்குள் போனதும் சில பெற்றோருக்குக் கோபம் வரும்: "என்ர பிள்ளையோட கதைக்க என்னை ஏன் வெளியில விடுகினம்?" ஒன்ராறியோவின் சிறுவர், இளைஞர், குடும்பச் சேவைகள் சட்டத்தின்படி 12 வயதோ அதற்கு மேலோ ஆன பிள்ளை உளவளத்துணைக்குத் தானே சம்மதம் தரலாம். பிள்ளை தனியே பேசுவது உங்களைப் பற்றிக் கோள்சொல்வதற்காக அல்ல. சிறுவர் பாதுகாப்பு அமைப்பான சில்ட்ரன்ஸ் எய்ட் பிள்ளையைக் கொண்டுபோய்விடும் என்ற பயமும் நம்மவரிடையே உண்டு. உதவி தேடிப் போனதற்காக எவரும் பிள்ளையைப் பிரிப்பதில்லை. ஆனால் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை அடிபடுகிறது என்று சந்தேகிக்க நியாயமிருந்தால், ஆசிரியரும் வைத்தியரும் அதை அறிவித்தேயாக வேண்டும். ஊரில் சாதாரணமாகக் கருதப்பட்ட அடிகளும் இதற்குள் வரலாம். இதை முன்கூட்டியே அறிந்திருப்பது பின்னர் அதிர்ச்சியடைவதைவிட மேல்.

பெற்றோரின் மனமும் இதற்குள்தான் இருக்கிறது. போரைக் கடந்து வந்த ஒருவர் பட்டாசுச் சத்தத்துக்கு எழும்பி நடுங்கினால், அடுத்த அறையில் படுத்திருக்கும் பிள்ளைக்கு அது தெரியாமல் போவதில்லை. 18 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களின் மனவழுத்தம், பதற்றம் போன்றவற்றுக்கு மாகாண அரசு இலவச உளச்சிகிச்சைத் திட்டம் ஒன்றை நடத்துகிறது. குடும்ப வைத்தியரிடம் அதற்கு அனுப்பும்படி கேட்கலாம். "விசர் எண்டு எழுதிப்போடுவினம், குடியுரிமை கிடைக்காது" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். நிரந்தர வதிவிடம் உள்ளவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது மருத்துவப் பரிசோதனை கிடையாது.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினாலோ, கைகளை வெட்டிக்கொள்வதாகத் தெரிந்தாலோ, "சாகவேணும் போல இருக்கா?" என்று நேரே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படாது. 2023 நவம்பர் 30 முதல் 9-8-8 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி இலக்கம் நாடு முழுவதும் இரவு பகலாக ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இயங்குகிறது. பிள்ளை ஆங்கிலம் அறிந்திருந்தால் தானே அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பிள்ளைகளுக்கான உதவித் தொலைபேசிச் சேவையான கிட்ஸ் ஹெல்ப் போனின் இலக்கம் 1-800-668-6868. உடனடி ஆபத்தென்றால் 911, அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு. அங்கே பல மணிநேரம் காத்திருக்க நேரிடும். சுகாதார அட்டை, குடிக்கும் மருந்துகள், தொலைபேசி மின்னேற்றி, கொஞ்சம் சாப்பாடு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போகும்போதும் பிள்ளையைத் தனியே விடாதபடி இரண்டு பெரியவர்களாகப் போங்கள்.