க்னாவா இசையைக் கேட்கத் தொடங்குவது எப்படி

முதல் வேலை, ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். மொராக்கோவின் க்னாவா இசைக்கு உயிரே கிம்ப்ரி என்ற தந்தி வாத்தியத்தின் அடிக்குரல்தான், சின்ன ஸ்பீக்கரில் அது காணாமல் போய் இரும்புத் தாளமான கர்காபின் சத்தம் மட்டும் மிஞ்சும். நல்ல ஹெட்ஃபோன் போதும்.

கிம்ப்ரி மூன்று தந்தி வாத்தியம், குடைந்த மரத்தின் மேல் ஒட்டகத் தோல் போர்த்தியிருக்கும். மாலெம், அதாவது குழுவின் ஆசான், தந்தியை மீட்டும் விரலாலேயே தோலையும் தட்டுவார். அந்தத் தட்டல் காதில் விழுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கர்காப்: தாளம் திஸ்ரமா (மூன்று மூன்றாக) சதுஸ்ரமா (நான்கு நான்காக) என்று உடனே சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவில் நின்று ஆடும், அதனால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிம்ப்ரியைப் பிடித்துக்கொண்டு போங்கள். பாட்டை நடுவில் தாண்டவும் கூடாது. மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறுகிற அந்தப் பயணத்துக்காகத்தான் இந்த இசையே.

எதிலிருந்து தொடங்கலாம்? அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஃபாரோ சாண்டர்ஸ் 1994இல் மொராக்கோவின் கடற்கரை நகரமான எஸ்ஸவீராவுக்கே போய் மாலெம் மஹ்மூத் கினியாவுடன் செய்த பதிவைத் தேடுங்கள். மேற்கத்திய ரசிகர்கள் பலருக்கு இதுதான் வாசல். கலப்பிசை என்ற பெயரில் கிம்ப்ரியை ஓரமாக வைத்துவிட்டு கிட்டாரும் டிரம்ஸும் முழங்குகிற பதிவுகளை முதலில் தொடவே தொடாதீர்கள், ருசி கெட்டுவிடும். அடுத்து கினியா தனியாக, தன் குழுவோடு மட்டும் வாசித்ததைக் கேளுங்கள்.

நேரில் கேட்க எஸ்ஸவீரா க்னாவா விழா இருக்கிறது, 1998 முதல் நடக்கிறது. பெரிய மேடையோடு திரும்பிவிடாமல் இரவில் நடக்கும் சிறிய கச்சேரிகளுக்கும் போங்கள்.

ஆனால் மேடை வேறு, லிலா வேறு. லிலா என்பது சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவிலிருந்து மொராக்கோவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் காத்துவரும், நோய் தீர்க்க விடிய விடிய நடத்தும் சடங்கு. அதில் அழைக்கப்படும் ஒவ்வோர் ஆவிக் கூட்டத்துக்கும் ஒரு நிறம், ஒரு சாம்பிராணி, தனிப் பாட்டுகள். யாராவது அழைத்தால் மட்டும் போங்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அருள் வந்து ஆடுபவரை வேடிக்கை பார்க்காதீர்கள். அவரைக் கவனிக்க மொகத்தமா என்ற பெண் பூசாரி இருக்கிறார்.

கிம்ப்ரி நெடுங்காலம் ஆண்கள் கையில் இருந்த வாத்தியம். மாலெமான தன் அப்பாவிடம் கற்ற காசாபிளாங்காவின் அஸ்மா ஹம்ஸாவி இப்போது பெண்கள் குழுவோடு அதை வாசிக்கிறார், உலக மேடைகளிலும்தான். காது பழகியதும் அவரைத் தேடிக் கேளுங்கள்.