மூட்டு வலி மாத்திரையும் இதயமும்: நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

மெடிக்கல் ஷாப்பில் பத்து நிமிடம் நின்றால் போதும், இது காதில் விழும்: "மூட்டு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க." கடைக்காரர் அட்டையிலிருந்து டைக்ளோஃபெனாக் இரண்டைக் கத்தரித்து, கூடவே ஒரு அல்சர் மாத்திரையும் சேர்த்து, சின்ன காகித உறையில் போட்டுத் தருவார். வாங்குபவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் (அடைத்த ரத்தக் குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைக்குழாய்) இருக்கிறதா என்று அவர் கேட்க மாட்டார். இவரும் சொல்ல மாட்டார். முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

புராஸ்டாகிளாண்டின்தான் சம்பந்தம். அடிபட்ட இடத்தில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுவது இந்த வேதிப்பொருள் குடும்பம். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இதன் உற்பத்தியை அடைத்துத்தான் வேலை செய்கின்றன என்று 1971-ல் ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி காட்டினார். அதிலிருந்து இது ஏதோ ஒழிக்க வேண்டிய பொருள் என்ற எண்ணம் வந்துவிட்டது. முதல் தவறே இதுதான். 1976-ல் அதே வேனும் சல்வடார் மொன்காடாவும் இங்கிலாந்தில் தங்கள் குழுவினரோடு இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். ரத்தக் குழாயின் சுவரே சுரக்கும் ஒரு பொருள். குழாயை விரிக்கும், ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் ஒட்டிக்கொண்டு கட்டியாகாமல் தடுக்கும். அதுதான் புராஸ்டாசைக்ளின். இதற்கு நேர் எதிரி, தட்டணுக்கள் சுரக்கும் திராம்பாக்ஸேன். அது குழாயைச் சுருக்கும், ரத்தத்தை உறைய வைக்கும். குடும்பம் ஒன்று, குணம் வேறு.

இதயத் தசைக்கு ரத்தம் குறையும்போது புராஸ்டாசைக்ளின் என்ன செய்கிறது என்பதை விலங்குகளில் நிறையவே பார்த்திருக்கிறார்கள். 1978-ல் பூனைகளின் இதயக் குழாயை அடைத்துவிட்டு இதைக் கொடுத்தபோது தசைச் சேதம் குறைந்தது. பின்னாளில், செல்களில் புராஸ்டாசைக்ளினை ஏற்கும் புரதமே (ஏற்பி) இல்லாத எலிகளில் சேதம் அதிகமாக இருந்தது. அவற்றுக்கு மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தப் பாதுகாப்பு உடம்பு தானே செய்துகொள்வது.

இதைவிட எனக்கு வியப்பாக இருப்பது 1986-ல் நாய்களில் நடந்த சோதனை. குழாயை ஐந்து நிமிடம் அடைத்து, திறந்து, இப்படி நான்கு முறை செய்த பிறகு 40 நிமிடம் அடைத்தார்கள். நேரடியாக 40 நிமிடம் அடைத்த நாய்களோடு ஒப்பிட்டால் தசைச் சேதம் கால் பங்குதான்! சின்னச் சின்ன அடி வாங்கிய இதயம் பெரிய அடிக்குத் தயாராகிவிடுகிறது. இந்தப் பாதுகாப்பு சில மணி நேரத்தில் மங்கி, ஒரு நாள் கழித்து மறுபடி வருகிறது. அப்படி இரண்டாவதாக வருவதற்குக் காக்ஸ்-2 என்ற நொதி வேண்டும். புராஸ்டாசைக்ளினைத் தயாரிக்கும் வழியில் இருப்பது அது. முயல்களுக்கு காக்ஸ்-2-ஐ அடைக்கும் மருந்தைக் கொடுத்ததும் பாதுகாப்பு காணாமல் போனது.

மூட்டு வலி மாத்திரைகள் அடைப்பது இந்த காக்ஸ்-2-ஐத்தான்.

அடுத்த தவறு, "வயிற்றுக்கு நல்லது" என்பதை "எல்லாவற்றுக்கும் நல்லது" என்று எடுத்துக்கொள்வது. 1999-ல் வந்த ரோஃபெகாக்ஸிப் என்ற மூட்டு வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காது என்றுதான் பெயர் வாங்கியது. மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து 2004-ல் அதைத் தயாரித்த மெர்க் நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. புராஸ்டாசைக்ளின் குறைந்து, திராம்பாக்ஸேன் அப்படியே இருந்துவிட்டதுதான் முக்கியக் காரணம் என்று கருதுகிறார்கள். டைக்ளோஃபெனாக்கோடு தரும் அல்சர் மாத்திரையும் வயிற்றைத்தான் காக்கும். இதய நோயாளிகள் டைக்ளோஃபெனாக் எடுக்கக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-ல் சொல்லிவிட்டது.

அப்படியானால் ஆஸ்பிரின்? அதுவும் வலி மாத்திரைதானே? இந்தக் குழப்பத்தால் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. "ஆஸ்பிரின் இதயத்துக்கு நல்லதென்றால் இதுவும் நல்லதுதான்" என்று வேறு மாத்திரையை விழுங்குபவர்கள் உண்டு. "வலி மாத்திரை கெடுதல்" என்று டாக்டர் எழுதிய ஆஸ்பிரினையே நிறுத்துபவர்களும் உண்டு. 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் தட்டணுக்களில் திராம்பாக்ஸேன் செய்ய உதவும் நொதியை நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, புது நொதி செய்ய முடியாது, வாழும் ஏழெட்டு, பத்து நாளும் முடங்கியேதான் கிடக்கும். குழாய்ச் சுவரின் செல்களோ புதிதாகச் செய்துகொள்ளும். அதனால் தராசு புராஸ்டாசைக்ளின் பக்கம் சாய்கிறது. டைக்ளோஃபெனாக்கால் இப்படிச் சாய்க்க முடியாது.

ஐபுபுரோஃபென் என்ற வலி மாத்திரை இன்னொரு வம்பு. ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தில் இது முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடும். ஆஸ்பிரின் சிறிது நேரத்தில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும், வேலை நடக்காது. இதய நோய் உள்ளவர்கள் முதலில் பாராசிட்டமால், தடவும் ஜெல் என்று டாக்டரிடம் கேட்டுப் பார்ப்பதே சரி. ஜெல்லிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, நெஞ்சு இறுக்கத்தையும் இடது கை வலியையும் "வாய்வுப் பிடிப்பு" என்று நினைத்து வலி ஊசி போட்டுக்கொண்டு படுப்பது. ரத்தத்துக்காகத் தசை தவிக்கும் அந்த நேரத்தில்தான் புராஸ்டாசைக்ளின் அதிகம் தேவை. மாரடைப்போடு வருபவருக்கு ஆஸ்பிரின் தவிர்த்த இவ்வகை வலி மருந்துகளை மருத்துவமனையில் முதலில் நிறுத்துவார்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

சரி, புராஸ்டாசைக்ளினையே மருந்தாக ஏற்றினால்? ஏற்றிப் பார்த்தார்கள். நுரையீரல் ரத்த அழுத்த நோய்க்கு அது நல்ல மருந்து. ஆனால் முற்றிய இதயச் செயலிழப்பில் 1990-களில் நடந்த சோதனையை, இறப்பு கூடுவதுபோல் தெரிந்ததால், பாதியிலேயே நிறுத்தினார்கள். பூனையில் பலித்ததை வைத்து "புராஸ்டாகிளாண்டினைக் கூட்டும்" பொடியோ காப்ஸ்யூலோ யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

இன்னும் ஒன்று. பல் பிடுங்க வேண்டும் என்று தானாகவே ஆஸ்பிரினை ஒரு வாரம் நிறுத்திவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் நிறுத்தாமலேயே பல்லை எடுத்துவிடலாம். ஸ்டென்ட் இருப்பதைப் பல் டாக்டரிடமும் சொல்லுங்கள், நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய டாக்டர் சொல்லட்டும்.