கடலடி மேட்டின் தடிமனைக் கணக்கிடுவது எப்படி: கெர்கெலன் பீடபூமியை வைத்து ஒரு பயிற்சி

இந்தியப் பெருங்கடலின் தெற்கே, அண்டார்க்டிகாவை நோக்கிப் போகும் வழியில் கெர்கெலன் பீடபூமி இருக்கிறது. சுற்றியுள்ள கடற்படுகையைவிட 2 முதல் 4 கி.மீ. உயரம், ஒருசில தீவுகளைத் தவிர எல்லாமே நீருக்கடியில். அதன் மேலோடு எத்தனை கி.மீ. தடிமன் என்பதை ஜெப்கோ (GEBCO) என்ற உலகக் கடலாழ வரைபடமும் ஒரு கால்குலேட்டரும் இருந்தால் வீட்டிலிருந்தே தோராயமாகச் சொல்லிவிடலாம். வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

வழக்கமான கடலடி மேலோடும் பீடபூமியும் ஒரே முறையில்தான் உருவாகின்றன. மேலோட்டுக்குக் கீழேயுள்ள கவசப் பாறை (மேன்டில்) மேலேறும்போது அதன் மீதான அழுத்தம் குறைகிறது. கூடுதல் சூடு தேவைப்படாமலே ஒரு பகுதி உருகிவிடுகிறது. நடுக்கடல் மலைத்தொடரில் இப்படி உருகி வருவது 6, 7 கி.மீ. தடிமனுக்குத்தான் போதும். மேலே தலையணை லாவா, அதன் கீழே செங்குத்தாக அடுக்கிய டைக்குகள் (விரிசல்களில் உறைந்த கற்குழம்புத் தகடுகள்), அடியில் மெதுவாக ஆறி உறைந்த கேப்ரோ என்ற பாறை. ஏறிவரும் பாறை வழக்கத்தைவிட 100, 200 டிகிரி சூடாக இருந்தால் அதிக ஆழத்திலேயே உருகத் தொடங்கும், கற்குழம்பும் பல மடங்கு வரும். ஐஸ்லாந்தில் இது இன்றும் நடக்கிறது.

முதலில் ஒப்பிடுவதற்கான ஆழம் வேண்டும். கடலடி மேலோடு பிறந்த இடத்தில் சுமார் 2,500 மீ. ஆழத்தில் இருக்கும், வயது ஏற ஏறக் குளிர்ந்து தாழும். வயதை மில்லியன் ஆண்டுகளில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 350ஆல் பெருக்கி, 2,500உடன் கூட்டுங்கள். 36 மில்லியன் ஆண்டு வயது என்றால் 4,600 மீ. வரும். 70 மில்லியனைத் தாண்டிய மேலோட்டுக்கு இந்தச் சூத்திரம் ஆழத்தைக் கூட்டிக் காட்டும். கெர்கெலனைச் சுற்றியுள்ள பழைய தரைக்கு இதை நம்பாமல், பக்கத்துப் படுகையின் ஆழத்தையே நேராக வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மிதப்புக் கணக்கு. கவசத்தின் அடர்த்தி 3,300, மேலோடு 2,900, கடல்நீர் 1,030 கிலோ, ஒரு கன மீட்டருக்கு. (3,300 − 2,900) ÷ (3,300 − 1,030) = 0.176. அதாவது மேலோடு 1 கி.மீ. தடித்தால் கடற்தரை 176 மீ.தான் உயரும். படுகையின் ஆழத்திலிருந்து மேட்டின் ஆழத்தைக் கழித்தால் மேட்டின் உயரம் கிடைக்கும். அது 2.5 கி.மீ. என்றால் 2.5 ÷ 0.176, ஏறத்தாழ 14 கி.மீ. கூடுதல் தடிமன். வழக்கமான 7ஐயும் சேர்த்தால் 21 கி.மீ. நில அதிர்வலை ஆய்வுகள் பீடபூமியின் பெரும்பகுதிக்குச் சொல்லும் 20 சொச்சம் கி.மீ.க்கு இது பக்கத்தில் வருகிறது. கால்குலேட்டர் கணக்குக்கு இது போதாதா என்ன?

பிசகுவது இரண்டு இடங்களில். ஒன்று வண்டல். பீடபூமியின் மேல் 1 கி.மீ. வண்டல் படிந்திருந்தால், அந்தச் சுமையில் தரை கொஞ்சம் அமுங்கியது போக, சுமார் 570 மீ. உயரம் வண்டலால் வந்தது. அதைக் கழியுங்கள், பக்கத்துப் படுகைக்கும் அதே திருத்தம் செய்ய வேண்டும். இன்னொன்று அடர்த்தி. மேலோட்டுக்கு 2,900க்குப் பதில் 3,000 போட்டுப் பாருங்கள்: விகிதம் 0.132 ஆகிறது, மொத்தத் தடிமன் 26 கி.மீ.க்கு எகிறுகிறது. எனவே ஒற்றை எண்ணாகச் சொல்லாமல் 21 முதல் 26 என்றே எழுதுங்கள்.

உயரம் இப்படித் தெரிந்தாலும், லாவா நீருக்கடியில் கொட்டியதா, வெட்டவெளியில் கொட்டியதா என்பதைக் கல்லில்தான் பார்க்க வேண்டும். ஆழ்கடலில் கொட்டியது தலையணை தலையணையாக உருண்டிருக்கும். வெளித்தோல் சட்டென்று குளிர்ந்து கருங்கண்ணாடியாகியிருக்கும். 2,500 மீ. ஆழத்தில் அழுத்தம் சுமார் 250 வளிமண்டலம் என்பதால் வாயுக் குமிழிகள் பெரிதாக வளர முடியாது. வெட்டவெளியில் ஓடிய லாவாவின் மேற்பகுதியோ குமிழித் துளைகள் நிறைந்து, இரும்பு துருவேறிச் செங்கல் நிறத்தில் இருக்கும். துளைகளில் பிற்பாடு கால்சைட், சியோலைட் போன்ற கனிமங்கள் நிரம்பி வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். குமிழியை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். வாயு மிகுந்த கற்குழம்பு ஆழத்திலும் துளை விடும். செந்நிற மேற்பகுதியும் அதன் மேல் மண் படலமும் சேர்ந்திருந்தால் சந்தேகமில்லை.

ஜாய்டிஸ் ரெசல்யூஷன் என்ற ஆழ்கடல் துளையிடும் கப்பல் 1998–99இல் கெர்கெலனில் துளையிட்டபோது இப்படிப்பட்ட வெட்டவெளி லாவாதான் பல இடங்களில் கிடைத்தது. பீடபூமியின் நடுப்பகுதியில் மரத்துண்டுகளும் வந்தன. இன்று ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீர் நிற்கும் இடம் ஒரு காலத்தில் காடு.

வயதை வைத்துச் சரிபார்க்கும்போது காந்தப் பட்டைகளை (காந்தப்புலம் திசை மாறும்போதெல்லாம் கடலடிப் பாறையில் பதியும் வரிகளை) தேடி ஏமாற வேண்டாம். தெற்குப் பகுதி சுமார் 119 முதல் 110 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், பூமியின் காந்தப்புலம் நெடுங்காலம் திசை மாறாமலிருந்தபோது உருவானது. அந்தக் காலத்து மேலோட்டில் பட்டையே விழாது. பசால்ட்டின், அதாவது உறைந்த லாவாப் பாறையின், ஆர்கான் வயதுதான் (கதிரியக்கப் பொட்டாசியம் சிதைந்து சேர்ந்த ஆர்கானை அளந்து கணிப்பது) கைகொடுக்கும். ஜார்க்கண்டின் ராஜ்மகால் பசால்ட் கிட்டத்தட்ட 118 மில்லியன் என்பதால், அதையும் கெர்கெலனையும் கவசத்தின் ஆழத்திலிருந்து மேலேறும் ஒரே சூடான பாறைத் தூணோடு (வெப்பத் தூண்) இணைத்துப் பேசுகிறார்கள்.

கணக்கு எவ்வளவு சரியாக வந்தாலும் தடிமன் முழுவதும் எரிமலையுடையது என்று எழுதிவிடாதீர்கள். பீடபூமியின் மேற்குக் கிளையான எலன் பேங்க்கில் துளையிட்டபோது, லாவா அடுக்குகளுக்கு நடுவே ஆறு உருட்டிய கூழாங்கற்கள் வந்தன. அவற்றில் கார்னெட் என்ற கனிமம் கொண்ட நைஸ் என்ற உருமாறிய பாறையும் இருந்தது. அது கண்டத்துக் கல். இந்தியாவின் கிழக்குக் கரையிலிருந்து பிய்ந்த துண்டு ஒன்று அந்த இடத்தில் லாவாவுக்கு அடியில் புதைந்திருக்கிறது.