வெளிநாட்டுப் படைத்தளத்தில் வேலையா? இந்தத் தவறுகளைச் செய்துவிடாதீர்கள்

வெளிநாட்டு ராணுவத் தளங்களில் சமையல், சலவை, லாரி ஓட்டுதல், மொழிபெயர்ப்பு என்று பல வேலைகளைச் சீருடை அணியாதவர்களே பார்க்கிறார்கள். கேட் பாஸ் கையில் இருந்தால் அந்த ராணுவத்தின் சட்டப் பாதுகாப்பும் தமக்கு உண்டு என்று இவர்களில் பலர் நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை ஆபத்தானது. நேட்டோ நாடுகளின் படைகள் ஒன்றின் மண்ணில் இன்னொன்று இருக்கும்போது என்ன சட்டம் என்பதைச் சொல்லும், 1951-ல் கையெழுத்தான நேட்டோ படைகள் நிலை ஒப்பந்தத்தின்படி, உள்ளூரில் வேலைக்கு எடுக்கப்படுபவர்கள் படையின் அங்கமே அல்ல. அவர்களுடைய சம்பளமும் பணி நிபந்தனைகளும் தளம் இருக்கும் நாட்டின் சட்டப்படிதான். வெளியிலிருந்து வரும் ஒப்பந்த ஊழியர்களின் நிலையும் நிரந்தரமில்லை. ஈராக்கில் அமெரிக்க ஒப்பந்தக்காரர்கள் மீது அந்த நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்றிருந்த விலக்கு 2009 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துபோனது.

பாஸ்போர்ட்டை முகவரிடமோ கம்பெனியிடமோ ஒப்படைக்காதீர்கள். "பத்திரமா வச்சிருக்கோம்" என்றாலும் வேண்டாம். அதைப் பிடித்து வைப்பதையும், ஆள் சேர்க்கத் தொழிலாளியிடமே பணம் வாங்குவதையும் அமெரிக்க அரசின் ஒப்பந்த விதிகள் தடை செய்கின்றன. துணை ஒப்பந்தக்காரர்களுக்கும் இது பொருந்தும். 2004-ல் ஜோர்டானில் வேலை என்று அழைத்துச் செல்லப்பட்ட 12 நேபாளிகள், ஈராக்கில் இருந்த ஒரு தளத்துக்குப் போகும் வழியில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். எந்த நாடு, எந்தத் தளம், யார் முதலாளி என்பது எழுத்தில் இல்லாமல் விமானம் ஏறாதீர்கள்.

அதிகம் பேர் கோட்டைவிடுவது காயத்தில்தான். பெட்டி தூக்கும்போது முதுகு பிடித்துக்கொள்கிறது. "ரெண்டு நாள் ரெஸ்ட் எடு, சரியாயிடும்" என்கிறார் சூப்பர்வைசர். எழுத்தில் எதுவும் பதிவாவதில்லை. மூன்று மாதம் கழித்து நிமிரவே முடியாதபோது, அது வேலையில் பட்டதுதான் என்று நிரூபிப்பது பெரும்பாடு. அமெரிக்காவின் 1941-ஆம் ஆண்டுப் பாதுகாப்புத் தளச் சட்டம், அமெரிக்க ஒப்பந்தங்களில் வேலை செய்பவர்களுக்கு எந்த நாட்டவர் என்று பாராமல் இழப்பீடு தருகிறது. ஆனால் பொதுவாக 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஓராண்டுக்குள் கோரிக்கை போட வேண்டும். சில நாடுகளில் அமெரிக்க அரசுத் துறைகள் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு வாங்கியிருக்கும். அங்கே உள்ளூர் இழப்பீட்டுச் சட்டம்தான் செல்லும் என்பதால் சேரும்போதே கேட்டுவிடுங்கள். தேதி, இடம், பார்த்தவர்கள் பெயர், கிளினிக் சீட்டு எல்லாவற்றுக்கும் பிரதி இருக்கட்டும்.

ஆயுதத்தைத் தொடாதீர்கள். சண்டையில் நேரடியாகப் பங்கெடுக்கும் சிவிலியன், போர்ச் சட்டம் தரும் பாதுகாப்பை அந்த நேரத்துக்கு இழக்கிறார்.

வேலை முடிந்தபிறகு கடிதம் வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவதும் பெரிய தவறு. அமெரிக்கப் படைக்கு உழைத்த ஆப்கானியர்களிடம் அமெரிக்காவில் குடியேறுவதற்கான சிறப்பு விசாவுக்காக நிறுவனத்தின் பணிச் சான்றும் மேலதிகாரியின் பரிந்துரைக் கடிதமும் கேட்டார்கள். கம்பெனியே மூடிப்போனவர்கள், மேலதிகாரி எங்கே என்று தெரியாதவர்கள் தவித்துப்போனார்கள். வேலையில் இருக்கும்போதே பதவி, தேதிகள், ஒப்பந்த எண் போட்டுக் கடிதம் வாங்குங்கள். அதைப் போனில் வைத்துக்கொண்டு அலையாதீர்கள், சோதனைச் சாவடியில் அதுவே உங்களைக் காட்டிக்கொடுக்கலாம். நாட்டுக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி இருக்கட்டும்.